சத்தத்தை நோக்கி ஓடியவர்

நான் போனை நிறுத்தினேன். அலறல் நிற்கவில்லை. அன்று நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து சாப்பிட்டாயிற்று. இரண்டு மணி இருக்கும். காலையிலிருந்து பெய்த மழை விட்டிருந்தது. நான் கட்டிலில் படுத்துக்கொண்டு, எந்த நாடு என்றே தெரியாத ஓர் ஊரில் ஒரு லொறி கடைக்குள் புகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ அலறினார்கள். லொறிக்கும் அந்த அலறலுக்கும் பொருத்தமாகத்தான் இருந்தது. அடுப்படியிலிருந்து அம்மா, "சத்தத்தக் கொற" என்றார். விரலால் தட்டி நிறுத்தினேன். லொறி அப்படியே நின்றது. அலறல் தொடர்ந்தது.

"என்னோடது இல்லம்மா. ராபர்ட் மாமா போன்" என்றேன்.

தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் ஒரு காம்பராவுக்கும் மறு காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் பார்க்கும் படத்தை மூன்று வீடு கேட்கும். ராபர்ட் மாமா அந்தப் பக்கத்திலிருந்து சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார். "ஏ புள்ள, கொறைக்கிறியா இல்லையா? ஞாயித்துக்கெழமகூட மனுசன் தூங்கக் கூடாதா?" என்றார். அவர் அதை என் போன் என்று நினைத்தார். நான் அதை அவர் போன் என்று நினைத்தேன். லொறியை மறுபடி ஓடவிட்டேன். அந்தச் சத்தம் தொந்தரவு செய்யாமல் இருக்க என்னுடையதைக் கொஞ்சம் கூட்டியும் வைத்தேன்.

அது என் அப்பாவின் அக்கா, செலஸ்தீன் அத்தையின் குரல். எங்கள் லயத்துக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் கானை வெட்டிக்கொண்டிருந்தபோது மண்மேடு சரிந்து அவரை இடுப்பு வரைக்கும் பிடித்துக்கொண்டது. பிறகு மேலேயிருந்து இன்னொரு முறை சரிந்தது. நாலு மணிக்கு அம்மா விறகு எடுக்கப் பின்பக்கம் போனபோது மண்வெட்டியின் பிடி மட்டும் வெளியே தெரிந்தது.

அத்தையின் முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சிறிய நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று சொல்லிக் கோயில் உபதேசியார் என்னிடம் தாள் தந்தார். "உருக்கமா எழுதும்மா. வாசிக்கிறவங்களுக்குக் கண்ணு கலங்கணும்" என்றார். யாருடைய கண்ணையும் கலங்கவைக்க எனக்கு விருப்பமில்லை. எங்கள் லயத்தில் அது லேசில் நடக்கும் காரியமும் இல்லை.

நான் அதிகம் பேசாதவள். பூசையில் வாசகம் வாசிக்க ஆள் தேடினால் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்துவிடுவேன். தாளில் என்றால் யாரும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

அத்தையைத் தெரியாதவர்களுக்காகச் சில விவரங்கள். நமுனுகுல மலைக்குக் கீழே இந்தத் தோட்டத்தின் மேல் டிவிசனில்தான் பிறந்தார், கொழுந்து பறித்தார், இறந்தார். புருசன் இறந்த பிறகு கடைசிக் காம்பராவில் தனியாக இருந்தார். ஒரே மகள் ஜெனிட்டா அக்கா கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்கிறார். அத்தை குள்ளமானவர். குரல் பெரியது. அன்பே உருவானவர், சாந்தமானவர் என்று இந்த மலரின் மற்றப் பக்கங்களில் எழுதியிருப்பார்கள். நம்ப வேண்டாம். அவர் பஸ் கண்டக்டரோடு சண்டை பிடிப்பார். ஒலிபெருக்கியைக் குறைக்கச் சொல்லிக் கோயிலில் பாதரோடும் சண்டை பிடித்திருக்கிறார். எங்களோடு பிடித்த சண்டையெல்லாம் போனைப் பற்றித்தான்.

போன் எங்கள் வீட்டுக்கு வந்தது படிப்புக்காக. கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியபோது பாடங்கள் போனில் வரும் என்றார்கள். அப்பா எப்படியோ ஒன்று வாங்கினார். பாடம் எப்போதாவது வந்தது. மற்றதெல்லாம் எப்போதும் வந்தது. பள்ளிக்கூடம் திறந்தபோது, இத்தனை மாதத்துக்குப் பிறகு வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க வேண்டுமே என்ற பயத்தில் நான் போகவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு அப்படியே நின்றுவிட்டேன். போன் நிற்கவில்லை.

முதன்முதலில் நான் பார்த்தது ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்த வீடியோ. ஆட்களை மேலே தூக்கிக்கொண்டு வருவதைக் கிட்டப் போய் எடுத்திருந்தார்கள். ஒருவருடைய கால் திரும்பக் கூடாத பக்கத்துக்குத் திரும்பியிருந்தது. அன்றைக்கும் அடுத்த நாளும் என்னால் சாப்பிட முடியவில்லை. அம்மா அந்தோனியார் கோயில் எண்ணெயைக் கொண்டுவந்து நெற்றியில் பூசினார். அத்தை வந்து தட்டைப் பார்த்தார்.

"என்னா, சோறு எறங்கலயா?"

தலையை ஆட்டினேன்.

"எதப் பாத்த?"

காட்டினேன். அவர் பார்க்கவில்லை. திரையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"சோறு எறங்காதுதான். நல்லது. அப்பிடியே இரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனுசி என்று அம்மா கோபப்பட்டார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

நான் அப்படியே இருக்கவில்லை. இரண்டாவது வீடியோவுக்கு ஒருவேளைச் சாப்பாடு மட்டும் போனது. அதற்குப் பிறகு எத்தனை என்று எனக்குத் தெரியாது. கத்திக்குத்து, யானை மிதித்தது, சண்டை நடக்கும் நாடுகளில் குண்டு விழுந்தது, மின்கம்பத்தில் ஒருவர் தொங்கியது. அடியில் பாட்டுப் போட்டிருப்பார்கள். பாட்டு நன்றாக இல்லையென்றால் தள்ளிவிடுவேன். நானாகத் தேடிப் போகவில்லை, அதுவாக வருகிறது என்றுதான் அம்மாவிடம் சொல்வேன். ஒன்றை முழுதாகப் பார்த்தால் அதுபோல நாலு வரும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

ஒரு வருடம் கழித்திருக்கும். நான் இஸ்தோப்பில், அதாவது காம்பராவின் முன் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, ரொட்டியைச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரை மூன்று பேர் கட்டையால் அடிக்கும் வீடியோ. அத்தை கொழுந்துக் கூடையோடு வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் போனைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மெல்லுறியே" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அத்தை என்னைத் திட்டிய திட்டெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. இது மறக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த ரொட்டியை முழுதாகத் தின்று முடித்தேன் என்பதையும் எழுத வேண்டும்.

போன மழைக்காலத்தில் நம் பக்கமெல்லாம் மண் சரிந்தது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு போனிலும் மண்தான். ஒரு வீடு அப்படியே வழுக்கிக்கொண்டு போகும் வீடியோ ஒன்றை லயத்தில் எல்லாரும் பார்த்தோம். ராபர்ட் மாமா அதை மெதுவாக ஓடவிட்டும் பார்த்தார். அத்தை அந்தப் பக்கமாக வந்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்டுவிட்டது.

"அந்த வீட்டுக்குள்ள யாரு இருந்தா?" என்று கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. அத்தனை தடவை பார்த்த எங்களில் ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

"எந்தத் தோட்டம்? மடுல்சீமைப் பக்கமா? பூனாகலையா? கேட்டுச் சொல்லுங்க, என்னாச்சும் கொண்டு போய்க் குடுக்கலாம்" என்றார். அன்றைக்குள் ஒரு உரப் பையில் அரிசியும் இரண்டு சீலையும் ஒரு போர்வையும் கட்டி வைத்துவிட்டார். ராபர்ட் மாமா யார் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்து சிரித்தார்.

"அக்கா, மூட்டைய அவிழுங்க. அது இந்த நாடே இல்ல. பிளேன்லதான் போகணும்."

"இந்த நாடு இல்லாட்டி உள்ள ஆளு இல்லையாடா?"

"ஆளு இருந்திருக்கும். அதுக்காக ஒங்க பழைய சீலைய அந்த ஊருக்காரி கட்டுவாளா?"

எல்லாரும் சிரித்தோம். அத்தை மூட்டையை அவிழ்க்கவில்லை. அடுத்த ஞாயிறு கோயிலில் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு லயத்தில் அவருக்குப் 'பிளேன் அக்கா' என்று பெயர் வந்தது.

அடுத்ததைத்தான் எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். ராபர்ட் மாமாவின் போனில் ஒரு பெண் அலறும் சத்தம் தனியாக இருந்தது. எந்த வீடியோவிலிருந்து வெட்டி எடுத்தார்களோ தெரியாது. அத்தை பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது, மேலே தேயிலைக்குள் ஒளிந்திருந்து அதைப் பெரிதாகப் போட்டார்கள். அத்தை குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார். பயந்து கீழே ஓடுவார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தோம். அவர் மேலே ஓடினார். சத்தம் வந்த பக்கத்துக்கு, செடிகளுக்கு இடையில் விழுந்து எழும்பி ஓடினார். முழங்காலில் இரத்தம். அங்கே ராபர்ட் மாமா போனைக் கையில் வைத்துக்கொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நானும் அங்கே இருந்தேன். நானும் சிரித்தேன்.

அடுத்த கிழமை மறுபடி செய்தார்கள். அத்தைக்கு இந்த முறை தெரிந்திருக்கும். இருந்தாலும் வந்தார். இந்தத் தடவை ஓடவில்லை, வேகமாக நடந்து வந்தார்.

"பொய்யின்னு தெரிஞ்சும் ஏன்க்கா வாறீங்க?" என்று ராபர்ட் மாமா கேட்டார்.

"வந்து பாத்தாத்தானே பொய்யின்னு தெரியும். தெரிஞ்சாத்தானே ஒன்னயத் திட்டலாம்" என்று சொல்லிவிட்டு, ராபர்ட் மாமாவின் மூன்று தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். அன்று அவர் திட்டியதுதான் லயத்தில் கொஞ்ச நாள் பேச்சாக இருந்தது.

அத்தை ஏன் இப்படி என்று பலர் பலவாறு சொன்னார்கள். சின்ன வயதில் கலவரத்தைப் பார்த்திருப்பார், புருசன் அடித்திருப்பார், மண்டையில் ஏதோ கோளாறு. ஒரு நாள் அவர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அரிசிப் பெட்டிக்குள் போட்டபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெரியவர் ஒருவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"ஒங்களுக்கு என்னா நடந்திச்சின்னு எங்களப் பாக்க விட மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் நடக்கல. ஒருத்தன் அடி வாங்கிச் சாகிறதப் பாக்கிறதுக்குத்தான்டி காரணம் வேணும். பாக்காம இருக்கிறதுக்கு என்னாத்துக்குக் காரணம்?"

நான் அரிசிக்குள் கையைவிட்டுப் போனை எடுத்தேன். எனக்கு அத்தையைப் பிடிக்காது. அவர் இறந்துவிட்டார் என்பதற்காக இதை மாற்றி எழுத மாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போதே அவர் பின்பக்கத்துக் கானைப் பார்த்துவிட்டார். லயத்துக்கும் மண்மேட்டுக்கும் நடுவில் ஓடும் கான். அவரவர் காம்பராவுக்குப் பின்னால் உள்ள துண்டை அவரவர்தான் வெட்டிவிட வேண்டும். அத்தையின் துண்டு சுத்தமாக இருந்தது. எங்களுடையது அடைத்துக் கிடந்தது. தண்ணீர் தேங்கினால் மேடு ஊறிவிடும். சாப்பிட்ட பிறகு மண்வெட்டியோடு எங்கள் வாசலில் நின்றார்.

"ஏ புள்ள, ஒங்க கான் அடைச்சிக் கெடக்கு. நான் வெட்டுறேன், நீ வந்து சேத்த அள்ளிப் போடு. வாறியா?"

"வாறேன்" என்றேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. அதனால் கடைசியாக அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் போனார். நான் போகவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை முதலிலேயே எழுதிவிட்டேன்.

ஆண்கள் தோண்டினார்கள். முகம் தெரிந்தபோது அம்மா கதறினார். நான் கிட்டத்தில்தான் நின்றேன். வாய்க்குள் மண் இருந்தது. நான் பார்த்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. இதைப்போல ஒன்றைப் பார்த்திருக்கிறேனே, எங்கே என்றுதான் யோசித்தேன். அப்போது என் வலது கைக் கட்டைவிரல் அசைந்தது. கையில் போன் இல்லை. இருந்தும் அது கீழேயிருந்து மேலே ஒருமுறை தள்ளியது. அத்தையைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்க்க.

நான் அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன். துக்கத்தில் கையைப் பிசைகிறாள் என்று நினைத்து உபதேசியார் என் தலையைத் தடவினார்.

அடக்கம் முடிவதற்கு முன்பே அத்தையைத் தோண்டி எடுக்கும் வீடியோ என் போனுக்கும் வந்துவிட்டது. அடியில் பாட்டு இருந்தது. அதில் அம்மா கதறும் சத்தம் கேட்கிறது. நான் ஓரத்தில் நிற்பது தெரிகிறது. என் முகம் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவள் முகம்போல இருக்கிறது. யார் எடுத்தது என்று எனக்குத் தெரியும். அவரும் இதை வாசிப்பார்.

மரண விசாரணைக்கு வந்த ஐயா, சத்தம் ஏதும் கேட்டதா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். "மழைங்க. தகரத்துல மழ கொட்டினா ஒண்ணும் கேக்காதுங்க" என்றார் அப்பா. ராபர்ட் மாமா ஆமாங்க என்றார். அம்மா ஆமாங்க என்றார். என்னைக் கேட்டபோது நானும் மழைதான் என்று தலையை ஆட்டினேன். மழை பெய்யவில்லை. மழை ஒரு மணிக்கே விட்டுவிட்டது. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நாங்கள் கூடிப் பேசி முடிவு செய்யவும் இல்லை. ஒருவர் சொன்னார், மற்றவர்களுக்கு அது வசதியாக இருந்தது. அப்பா நல்லவர்தான். அன்று மத்தியானம் அவரும் கட்டிலில் புரண்டு படுத்து, "என்னா எழவுப் படம் இது" என்று முனகினார். அதையும் நான் கேட்டேன்.

பொய் அதோடு நின்றிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அத்தை கத்தவில்லை என்று ஆகிவிட்டதால், ஏன் கத்தவில்லை என்று ஒரு கேள்வி வந்தது. அதற்கும் லயமே பதில் கண்டுபிடித்தது. சாவு வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னார்கள். "வாய் இருந்தும் கூப்பிடலயே." "யாருகிட்டயும் ஒதவி கேக்காத மனுசி." "வீம்புதான் கொண்டு போயிருச்சு." கொழும்பிலிருந்து அழுதுகொண்டே வந்த ஜெனிட்டா அக்காவின் காதிலும் அதைத்தான் போட்டார்கள்.

அன்றைக்கு ஜெனிட்டா அக்கா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "ஒரு சத்தம் போட்டிருந்தா சுத்தி இத்தன பேரு இருக்கீங்க. ஒருத்தராச்சும் வராமயா போயிருப்பீங்க? அம்மாவுக்கு வீம்பு. எனக்காகவாச்சும் ஒரு சத்தம் போட்டிருக்கலாம்ல."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அக்கா என்னையும் பார்த்தார். நானும் ஆட்டினேன்.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் எங்கள் லயத்து ஆட்களுக்குச் சொல்கிறேன். அத்தை வீம்பினால் சாகவில்லை. உதவி கேட்டார். கூப்பிட்டார். "ஐயோ, யாராச்சும் வாங்களேன்" என்று கூப்பிட்டார். ஒரு தடவை இல்லை. நான் லொறியைப் பார்த்து முடித்து, அடுத்ததும் பார்த்து, அதற்கடுத்ததும் பார்க்கும் வரைக்கும் கூப்பிட்டார். எனக்குக் கேட்டது. உங்களுக்கும் கேட்டது. நாம் எல்லாரும் அதைப் படம் என்று நினைத்தோம். இது தவறுதலாக நடந்தது, யாருக்கும் வரும் தவறு என்று நீங்கள் சொல்லலாம். அத்தைக்கு அந்தத் தவறு வரவில்லை. பொய்ச் சத்தத்துக்கு முழங்காலை உடைத்துக்கொண்டு ஓடிவந்தவர் அவர். நாம் உண்மைச் சத்தத்துக்குச் சுவரைத் தட்டினோம்.

எங்கள் பின்சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், ஒரு சேற்றுக் கை இருக்கிறது. ஐந்து விரலும் தெரிகிறது. அதற்குப் பக்கத்தில் இன்னும் மூன்று நாலு இடத்தில் சேறு இழுபட்டிருக்கிறது. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் என் கட்டில். அப்பா சுண்ணாம்பு வாங்கி வைத்திருக்கிறார். அடிக்கச் சொல்லி இரண்டு தடவை சொல்லிவிட்டார். நான் அடிக்கவில்லை. மற்றவர்களும் கை வைக்க வேண்டாம்.

அத்தை, உங்களுக்கு அழ வேண்டும் என்று நான் இத்தனை நாளும் முயற்சி செய்தேன். இன்னும் வரவில்லை. வந்தால் வரட்டும். அழுகை வராவிட்டாலும் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் உங்களுக்குப் போய் வாங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தத் தாள் அச்சுக்குப் போய், ஊரார் கையில் வந்து, அதில்தான் ஜெனிட்டா அக்கா இதை முதன்முதலில் தெரிந்துகொள்ளும்படி ஆகக் கூடாது. பூசைக்காக அவர் நேற்று வந்துவிட்டார். எழுதுவதை இந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கடைசிக் காம்பராவுக்குப் போனேன். அக்கா அத்தையின் சீலைகளை மடித்துக்கொண்டிருந்தார். வாசலில் நிற்காமல் உள்ளே போய், அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, "அத்த கூப்பிட்டாங்க அக்கா. எனக்குக் கேட்டிச்சு" என்றேன்.